இருமிய வண்டியும் ஒரு சின்ன வால்வும்



மன்றத்தில் இந்த முறை பேச எனக்குக் கொடுத்த தலைப்பு, "பழைய வண்டியைப் பழுது பார்ப்பதா, கழித்துவிடுவதா?" வழக்கமாக நெறியாளர் நாற்காலியில் உட்கார்ந்து மற்றவர்களைக் கேள்வி கேட்பவள் நான். பலதுறைத் தொழிற்கல்லூரியில் படித்தது மக்கள் தொடர்பு. எஞ்சினைப் பற்றி அதில் ஒரு பாடம்கூட கிடையாது. ஆனால் 2025ஆம் ஆண்டில் எங்கள் வீட்டு வண்டியோடு பட்ட பாடு ஒரு பாடத்துக்குச் சமம் என்பதால் ஒப்புக்கொண்டேன். மேடையில் நேரம் போதாமல் விட்டதையும் இங்கே சேர்த்திருக்கிறேன்.

நாங்கள் இருப்பது புக்கிட் பாத்தோக். மலாயில் 'பாத்தோக்' என்றால் இருமல். கல்லுடைக்க வைத்த வெடிச்சத்தம் மலையே இருமுவதுபோல் கேட்டதால் வந்த பெயர் என்பது வழங்கிவரும் கதைகளில் ஒன்று. அந்த ஊரில் ஒரு வண்டி இருமத் தொடங்கியது பொருத்தம்தான் என்று நான் கிண்டல் செய்தபோது அப்பா சிரிக்கவில்லை.

வண்டி 2008ல் பதிவான ஜப்பானிய எஸ்யுவி. நான்கு சிலிண்டர், 2.4 லிட்டர், பெட்ரோல். 2018ல் வாகன உரிமைச் சான்றிதழை, அதாவது நாம் எல்லாரும் சொல்லும் சிஓஇயை, அப்பா இன்னும் 10 ஆண்டுக்குப் புதுப்பித்தார். முப்பது வருடம் லாரி ஓட்டியவர். ஓய்வுபெற்ற பிறகு அவருக்கென்று இருக்கும் ஒரே சொத்து இது என்பதுபோல் துடைத்து வைப்பார். அம்மாவுக்கு இரண்டு முழங்காலிலும் வலி. தாழ்வான காரில் உட்கார்ந்து எழ அவரால் முடியாது. உயரமான இருக்கையில் பக்கவாட்டில் திரும்பி இறங்கிவிடுவார். ஞாயிறு காலையில் தேக்கா சந்தை, பிறகு சிராங்கூன் சாலையில் பூ வாங்கிக்கொண்டு கோயில். இந்த ஒரு பயணத்துக்காகவே வண்டி இருந்தது என்றுகூடச் சொல்லலாம்.

முதலில் சொன்னவர் அப்பாதான். "சிவப்பு விளக்குல நிக்கும்போது சத்தம் மாறுதும்மா." எனக்கு எதுவும் கேட்கவில்லை. இரண்டு வாரம் கழித்து எல்லாருக்கும் தெரிந்தது. விளக்கில் நின்றால் ஸ்டீரிங் நடுங்கும், முன்னால் தொங்கும் பிள்ளையார் படம் ஆடும். கிளம்பி வேகமெடுத்தால் சரியாகிவிடும். ஒரு ஞாயிறு தீவு விரைவுச்சாலையில் ஏறும்போது எஞ்சின் படம் போட்ட மஞ்சள் விளக்கு கண்சிமிட்டத் தொடங்கியது.

இங்கே ஒரு நிமிடம் நிறுத்துகிறேன். அந்த மஞ்சள் விளக்கு நிலையாக எரிவது ஒன்று, கண்சிமிட்டுவது வேறு. நிலையாக எரிந்தால் அவசரமில்லை, சில நாளில் பட்டறைக்குப் போகலாம். சிமிட்டினால், ஏதோ ஒரு சிலிண்டரில் பெட்ரோல் எரியாமல் அப்படியே வெளியேறுகிறது என்று பொருள். அந்தப் பெட்ரோல் புகைக்குழாயில் இருக்கும் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டருக்குள் போய் எரிந்து அதையே சுட்டுவிடும். அதை மாற்றும் செலவு, வந்த கோளாறைச் சரிசெய்யும் செலவைவிடப் பல மடங்கு. விளக்கு சிமிட்டினால் காலை ஆக்சிலரேட்டரிலிருந்து எடுத்து, பாதுகாப்பான இடத்தில் ஒதுங்குவதுதான் சரி. அப்பா அதைத்தான் செய்தார். அம்மா பூ வாங்க முடியாமல் போனதைப் பற்றி மாலைவரை பேசினார்.

நடுக்கம் எங்கிருந்து வருகிறது

பெட்ரோல் எஞ்சின் ஓட நான்கு விஷயம் வேண்டும். காற்று, பெட்ரோல், தீப்பொறி, இவற்றை அழுத்திப் பிடிக்கும் அழுத்தம். நான்கும் சரியான நேரத்தில் சேர வேண்டும். வண்டி நிற்கும்போது எஞ்சின் நிமிடத்துக்கு ஏறக்குறைய 700 சுற்று சுற்றுகிறது என்று வையுங்கள். ஒவ்வொரு சிலிண்டரும் இரண்டு சுற்றுக்கு ஒரு முறை எரிய வேண்டும், அதாவது நிமிடத்துக்கு 350 முறை. நான்கு பேர் தூக்கும் பல்லக்கில் ஒருவர் மட்டும் அவ்வப்போது தோளை விட்டால் எப்படி இருக்கும்? அதுதான் அந்த நடுக்கம். வேகம் கூடும்போது மற்ற மூன்றும் அடுத்தடுத்து விரைவாக எரிவதால் குலுக்கல் கைக்குத் தெரியாது. கோளாறு போய்விட்டதாக நாம் நினைத்துக்கொள்வோம்.

முதலில் போன பட்டறையின் பெயர் வேண்டாம். அவர்கள் கணினிக் கருவியைச் செருகிப் பார்த்தார்கள். 'பி 0302' என்று வந்தது. 1996லிருந்து அமெரிக்காவில் விற்கும் கார்களில் கட்டாயமாகி, பிறகு உலகெங்கும் பரவிய குறியீட்டு முறை இது. 'பி' என்றால் எஞ்சினும் கியரும் சேர்ந்த பகுதி. அடுத்த எண்களில் வரும் 3 தீப்பொறி, எரியாமை சம்பந்தப்பட்டது. கடைசி 2, இரண்டாவது சிலிண்டர். ஆக, இரண்டாவது சிலிண்டர் சரியாக எரியவில்லை. உடனே அந்தச் சிலிண்டரின் இக்னிஷன் காயிலை மாற்றினார்கள். பேட்டரியின் 12 வோல்ட்டைப் பல்லாயிரம் வோல்ட்டாக்கி ஸ்பார்க் பிளக்குக்கு அனுப்பும் சிறிய சுருள் அது. 180 வெள்ளி. வண்டி பட்டுப்போல் ஓடியது.

ஏழே வாரம். மறுபடி நடுக்கம், மறுபடி 'பி 0302'. இன்னொரு காயில், கூடவே நான்கு பிளக், மேலும் 260 வெள்ளி. மூன்றாவது முறை போனபோது அந்தப் பட்டறைக்காரர் கையைத் துடைத்துக்கொண்டு, "எஞ்சின் முடிஞ்சிருச்சு. ஸ்க்ராப் பண்ணிடுங்க" என்றார்.

அவர் சொன்னது எனக்கு அப்போது இனித்தது என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். கணக்கு என் பக்கம் இருந்தது. 14 வயதைத் தாண்டிய காருக்குச் சாலை வரியில் 50 விழுக்காடு கூடுதல். 10 வயதுக்கு மேல் ஆண்டுக்கு ஒரு முறை பரிசோதனை. 10 ஆண்டு சிஓஇயை முன்கூட்டியே விட்டுக்கொடுத்தால், மீதமுள்ள காலத்துக்குக் கட்டிய தொகை விகிதப்படி திரும்பும். 120 மாதத்தில் 36 மாதம் மீதமிருந்தால் கட்டியதில் 36/120 பங்கு. அதை வாங்கிக்கொண்டு, அம்மா வெளியே போகும் நாளில் வாடகைக் கார் பிடிக்கலாமே என்றேன். ஆனால் மறுபக்கக் கணக்கும் உண்டு. 2018ல் அப்பா கட்டிய தொகைக்கும், 2023 அக்டோபரில் பெரிய கார்களுக்கான பி பிரிவு தொட்ட 150,001 வெள்ளிக்கும் ஏணி வைத்தாலும் எட்டாது. இந்த வண்டியை விட்டால் இன்னொரு வண்டி எங்கள் வீட்டுக்கு வரப்போவதில்லை. அப்பா ஒன்றும் சொல்லவில்லை. இரவில் கீழே வாகன நிறுத்துமிடத்துக்குப் போய் வண்டிக்குள் சும்மா உட்கார்ந்திருந்துவிட்டு வந்தார்.

கேள்வி கேட்ட மெக்கானிக்

அப்பாவின் லாரிக் கால நண்பர் ஒருவர், புக்கிட் பாத்தோக் கிரசண்ட் தொழிற்பேட்டையில் ஒரு பட்டறையைச் சொன்னார். நம்மவர்தான், ஐம்பது வயதைத் தாண்டியவர். நான் பில்களை நீட்டினேன். அவர் வாங்கவில்லை. அப்பாவைப் பார்த்து, "அண்ணே, காலையில எடுத்தவுடனே நடுங்குதா, சூடானப்புறமா?" என்று ஆரம்பித்தார்.

சூடான பிறகு. மழை நாளில் அதிகமா? இல்லை. ஏசி போட்டால்? கொஞ்சம் கூடும். ஆயில் குறைகிறதா? அப்பா தயங்கி, "மாசம் அரை லிட்டர் ஊத்துறேன்" என்றார். இந்த விவரம் எனக்கும் தெரியாது, பழைய பட்டறைக்கும் தெரியாது. யாரும் கேட்கவில்லை. ஒட்டும் இடத்தில் தரையில் ஆயில் சொட்டுகிறதா? இல்லை. பின்னால் நீலப் புகை? இல்லை. "அப்ப எங்கேயோ உள்ளயே தேங்குது" என்றார்.

நான் தொழிலில் கற்றுக்கொண்ட முதல் பாடம், நேர்காணலுக்கு வந்தவர் முதலில் சொல்லும் பதிலை எழுதிக்கொண்டு அடுத்த கேள்வியைக் கேட்பது. அந்தக் குறியீட்டு எண்ணும் முதல் பதில் மாதிரிதான். எங்கே வலிக்கிறது என்று சொல்லும். ஏன் வலிக்கிறது என்று சொல்லாது. பழைய பட்டறை முதல் பதிலோடு பேட்டியை முடித்துவிட்டது.

அவர் இரண்டாவது சிலிண்டரின் காயிலையும் மூன்றாவதின் காயிலையும் இடம் மாற்றிப் போட்டு ஓட்டிப் பார்த்தார். செலவில்லாத சோதனை இது. குறியீடு 'பி 0303' என்று மாறினால் காயில் கெட்டிருக்கிறது. 0302 ஆகவே நின்றால் பிளக், பெட்ரோல் தெளிக்கும் இஞ்செக்டர், அழுத்தம் என்று வேறு இடத்தில் தேட வேண்டும். எங்களுக்கு எண் மாறியது. அப்படியானால் காயில்தான் போயிருக்கிறது, பழைய பட்டறை சொன்னது சரிதானே என்றேன்.

"சரிதான் தங்கச்சி. ரெண்டு மாசத்துல ரெண்டு காயில் ஏன் சாவுது?"

காயிலை உருவி என் கையில் கொடுத்தார். அதன் அடியில் நீளமான ரப்பர் உறை இருக்கிறது. அது ஊறிப் பிசுபிசுத்து, ஒரு பக்கம் வெடித்திருந்தது. டார்ச் அடித்துப் பிளக் உட்கார்ந்திருக்கும் குழிக்குள் பார்க்கச் சொன்னார். கறுப்பாக ஆயில் தேங்கி நின்றது. மாதம் அரை லிட்டரில் ஒரு பங்கு அங்கே இருந்தது. மீதி எங்கே என்பது பிறகு தெரியவந்தது.

ரப்பர் ஆயிலில் ஊறினால் உப்பி, விரிசல் விடும். விரிசல் வழியாகத் தீப்பொறி பிளக்கின் முனைக்குப் போகாமல் பக்கத்து இரும்புச் சுவருக்குத் தாவிவிடும். சிலிண்டருக்குள் தீ இல்லை. அதிகச் சுமையில் தத்தளித்துக் காயிலும் கருகும். புதுக் காயில் போட்டால் அதன் ரப்பர் ஊற ஏழு வாரம் ஆகும். எங்கள் 440 வெள்ளி போன வழி இதுதான்.

ஆயில் குழிக்குள் எப்படி வந்தது? எஞ்சின் தலைக்கு மேலே மூடி ஒன்று உண்டு. மெக்கானிக்குகள் டாப் கவர் என்பார்கள். மூடிக்கும் தலைக்கும் நடுவே ரப்பர் கேஸ்கட், பிளக் குழிகளைச் சுற்றி ரப்பர் வளையங்கள். பதினேழு வருடம் எஞ்சின் சூட்டில் வெந்த ரப்பர் பிளாஸ்டிக் மாதிரி இறுகிப்போகும். நகத்தால் அழுத்தினால் பள்ளம் விழாது. அங்கிருந்துதான் கசிவு. அப்படியானால் கேஸ்கட் மாற்றினால் முடிந்ததா?

இந்த இடத்தில் அவர் செய்ததைத்தான் மன்றத்தில் அழுத்திச் சொன்னேன். எஞ்சினை ஓடவிட்டு, ஆயில் ஊற்றும் மூடியைத் திறந்து, அதன் மேல் ஒரு ரப்பர் கையுறையை விரித்தார். நல்ல எஞ்சின் அதை லேசாக உள்ளே இழுக்கும். எங்கள் எஞ்சினில் கையுறை பலூன்போல் மேலே உப்பியது. எஞ்சினின் வயிற்றுக்குள் காற்று அடைபட்டு வெளியே தள்ளுகிறது. கேஸ்கட் கிழடானது ஒரு காரணம், உள்ளிருந்து தள்ளிய அழுத்தம் இன்னொரு காரணம். புதுக் கேஸ்கட் போட்டாலும் இந்த அழுத்தம் அதையும் கசிய வைக்கும்.

அழுத்தம் கூட இரண்டு வழி உண்டு. ஒன்று, பிஸ்டன் வளையங்கள் தேய்ந்து, எரியும் வாயு அவற்றைத் தாண்டிக் கீழே இறங்குவது. அது நடந்திருந்தால் பழைய பட்டறை சொன்னதுபோல் எஞ்சின் முடிந்தது மாதிரிதான். இன்னொன்று, கீழே இறங்கும் கொஞ்சநஞ்ச வாயுவை உறிஞ்சி மறுபடி எரிக்க அனுப்பும் பிசிவி வால்வு அடைத்துக்கொள்வது. விரல் நீளம்தான் இருக்கும். கழற்றிக் குலுக்கினால் உள்ளே 'கடகட' என்று கேட்க வேண்டும். எங்கள் வால்வைக் குலுக்கினார். சத்தமே இல்லை. கறுப்புப் பிசினில் ஒட்டிக்கொண்டிருந்தது.

"இது அடைச்சது உறுதி. வளையம் தேஞ்சிருக்கான்னு பார்க்காம நான் கேஸ்கட் விக்க மாட்டேன்" என்று சொல்லி அழுத்தச் சோதனை செய்தார். நான்கு பிளக்கையும் கழற்றி, பெட்ரோலையும் தீப்பொறியையும் துண்டித்து, ஒவ்வொரு குழியிலும் அழுத்தமானியைத் திருகி, ஆக்சிலரேட்டரை முழுதாக மிதித்தபடி ஸ்டார்ட்டரைச் சில விநாடி சுழற்றுவது. நான்கு அளவும் ஏறக்குறைய ஒன்றாக வர வேண்டும். ஒன்று மட்டும் கணிசமாகக் குறைந்தால் அந்தக் குழியில் ஒரு கரண்டி ஆயில் விட்டு மறுபடி அளப்பார்கள். அளவு ஏறினால் வளையம் தேய்ந்திருக்கிறது, ஆயில் அந்த இடைவெளியை அடைத்திருக்கிறது. ஏறாவிட்டால் வால்வோ ஹெட் கேஸ்கட்டோ காரணம்.

அப்பா அந்த முள்ளையே பார்த்துக்கொண்டிருந்தார். மருத்துவமனையில் ரத்த அழுத்தம் பார்க்கும்போதுகூட அவர் முகம் அப்படி இருந்ததில்லை. 172, 170, 168, 171. சதுர அங்குலத்துக்கு அத்தனை பவுண்டு.

"எஞ்சின் நல்லா இருக்குண்ணே."

ஒரு மணி நேரச் சோதனை. இதைச் செய்யாமல்தான் ஒருவர் வண்டியைக் கழித்துவிடச் சொன்னார். உங்கள் வண்டியைப் பற்றி யாராவது "எஞ்சின் போச்சு" என்றால், அழுத்த அளவு நான்கும் (ஆறு சிலிண்டர் என்றால் ஆறும்) எவ்வளவு வந்தது என்று கேளுங்கள். தாளில் எழுதி வாங்குங்கள். அளவு எடுக்கவில்லை என்றால் அது அவருடைய ஊகம் மட்டும்தான்.

பிசிவி வால்வு, டாப் கவர் கேஸ்கட், குழி வளையங்கள், ஒரு காயில், கூலி எல்லாம் சேர்த்து 420 வெள்ளி. இதில் வால்வின் விலை 28. காணாமல் போன மீதி ஆயில், அடைத்த வால்வைச் சுற்றிக் காற்றுக்குழாய் வழியாக உள்ளே போய் எரிந்திருக்கிறது. குழாயின் உட்புறம் முழுக்க ஈரம். அதையும் துடைத்தார்.

பழைய எஸ்யுவி வைத்திருப்பவர்களுக்கு

மன்றத்தில் நேயர்கள் கேட்ட கேள்விகளில் பாதி பெட்ரோல் பற்றியது. 98 போட்டால் நடுக்கம் போகுமா என்றார் ஒருவர். போகாது. 92, 95, 98 என்பவை, நேரத்துக்கு முன்பே வெடிக்காமல் தாங்கும் திறனின் அளவு. வண்டிக்குக் குறிப்பிட்டதைவிடக் கூடுதலாகப் போட்டால், கெட்ட காயில் நல்ல காயில் ஆகிவிடாது.

புகையின் நிறம் பற்றியும் கேட்டார்கள். நீலம் என்றால் ஆயில் எரிகிறது. கறுப்பு என்றால் பெட்ரோல் அதிகம். எஞ்சின் சூடான பிறகும் வெள்ளைப் புகை இனிப்பு வாசனையோடு தொடர்ந்தால் குளிர்விப்பு நீர் உள்ளே கசிகிறது. ஆயில் மூடியின் அடியில் பாலாடை மாதிரி படிந்திருந்தாலும் அதே சந்தேகம் வரும். ஆனால் பக்கத்துப் பேரங்காடிக்கு மட்டும் ஓடும் வண்டியில் ஈரம் உலராமல் கொஞ்சம் படிவதும் உண்டு. அதைப் பார்த்தவுடனே பயந்துவிடாமல் நீர் குறைகிறதா என்று ஒரு வாரம் பார்க்கலாம்.

நடுக்கத்துக்கு இன்னொரு பொதுவான காரணம் காற்றுக்கசிவு. எஞ்சினைச் சுற்றி ஓடும் மெல்லிய ரப்பர் குழாய்கள் இந்த ஊர் வெயிலிலும், பானட்டுக்குள் அடைபடும் சூட்டிலும் விரிசல் விடும். 'உஸ்' என்ற சத்தமும், நிற்கும்போது மட்டும் வரும் தடுமாற்றமும் அதன் அடையாளம். குழாயின் விலை சில வெள்ளிதான்.

பழைய எஸ்யுவியை உண்மையில் கொல்வது சூடு. கனமான உடம்பு, பெரிய எஞ்சின், நெரிசலில் ஊர்ந்து போகும் ஓட்டம். ரேடியேட்டரின் இரு பக்கத்திலும் இருக்கும் பிளாஸ்டிக் தொட்டிகள் வருடங்கள் போகப்போக மொறுமொறுப்பாகி வெடிக்கும். நீர் பம்பு, தெர்மோஸ்டாட், விசிறி இவையும் சொல்லாமல் கைவிடும். வெப்பமானியின் முள் வழக்கமான இடத்தைத் தாண்டினால் ஏசியை அணைத்து ஒதுங்கி எஞ்சினை நிறுத்துங்கள். "இன்னும் ரெண்டு கிலோமீட்டர்தானே" என்று ஓட்டினால் அலுமினிய ஹெட் வளைந்துவிடும். அப்போது எந்த அழுத்தமானியும் நல்ல செய்தி சொல்லாது. சூடாக இருக்கும்போது ரேடியேட்டர் மூடியைத் திறக்கவே கூடாது. உள்ளே அழுத்தத்தில் இருக்கும் நீர் 100 பாகையைத் தாண்டியிருக்கும், திறந்த கணம் கொதித்து முகத்தில் பீய்ச்சும்.

வீட்டில் இதையெல்லாம் பார்க்க ஆசைப்படுபவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. நிறுத்திய வண்டியின் எஞ்சினைத் தேவையில்லாமல் ஓடவிடுவது இங்கே குற்றம். வீவக வாகன நிறுத்துமிடத்தில் கையுறைச் சோதனை செய்யப்போய் அபராதம் கட்டினால் என்னைத் திட்டாதீர்கள்.

எல்லா வண்டியையும் காப்பாற்று என்று நான் சொல்லவில்லை. அடிச்சட்டம் துருப்பிடித்திருந்தால், கியர்பெட்டியும் போய் சிஓஇயில் ஓராண்டுதான் மீதி என்றால் கழித்துவிடுவதே சரி. 2018ல் 5 ஆண்டுக்கு மட்டும் புதுப்பித்திருந்தால் எங்களுக்கு இந்தப் பேச்சே இருந்திருக்காது. ஐந்தாண்டுச் சிஓஇயை மறுபடி நீட்டிக்க முடியாது. எங்களுக்கு 2028 வரை இருந்தது, எஞ்சின் நன்றாக இருந்தது. 420 வெள்ளியா, வண்டியா என்பதுதான் கேள்வி.

பழுது பார்த்த அடுத்த மாதம் ஆண்டுப் பரிசோதனை. புக்கிட் பாத்தோக் ஸ்திரீட் 23ல் இருக்கும் விக்கோம் நிலையத்துக்கு அப்பாவோடு நானும் போனேன். வரிசையில் நிற்கும்போது அவர் வானொலியை அணைத்துவிட்டார், சத்தம் கேட்க வேண்டுமாம். பின்னால் குழாய் செருகிப் புகையை அளந்தார்கள். தேறிவிட்டது. திரும்பும்போது அப்பர் புக்கிட் தீமா சாலை வழியாகச் சுற்றிப் போனார். பழைய ஃபோர்டு ஆலையைக் காட்டி, தென்கிழக்காசியாவில் ஃபோர்டு நிறுவனத்தின் முதல் கார் இணைப்பு ஆலை இது என்றார். 1942 பிப்ரவரி 15ல் பிரிட்டிஷ்காரர்கள் ஜப்பானியரிடம் சரணடைந்த இடம் என்பதுதான் எனக்குப் பள்ளியில் சொல்லித்தந்தது. 1980 வரை அங்கே ஆலை ஓடியது, இப்போது அரும்பொருளகம். ஒரே கட்டடத்தைப் பார்த்து அவருக்குக் காரும் எனக்குப் போரும் ஞாபகம் வந்தது.

ஞாயிறு காலை தேக்கா பயணம் மறுபடி தொடங்கிவிட்டது. சிவப்பு விளக்கில் பிள்ளையார் அசையாமல் இருக்கிறார். அப்பா இப்போது இரண்டு வாரத்துக்கு ஒரு முறை ஆயில் கம்பியை உருவிப் பார்த்து, அளவை ஒரு சின்ன நோட்டில் எழுதுகிறார். அந்த மெக்கானிக் கேட்டபோது தடுமாறியதில் அவருக்கு வெட்கம். கடைசியாக நான் பார்த்த பக்கத்தில், நான்கு மாதமாக ஒரே வரி: "மேல் கோடு. ஊத்தல."